கப்பல் ஏறாத சித்தப்பா

பஸ்ஸுக்காக ஓர் இடத்தில் நிற்க அவரால் முடியாது. யுத்த காலம். பெட்ரோல் கிடையாது. புதுக்கோட்டையிலிருந்து கிளம்புகிற பஸ்ஸெல்லாம் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகைந்துகொண்டிருக்கும். அடுப்பு சூடேறுவதற்குள் பிரயாணிகள் ஏறி, இறங்கி, வெற்றிலை போட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்து தூங்கிவிடுவார்கள். அவர் மட்டும் கண்டக்டரிடம், "நீங்க மெதுவா வாங்க, நான் முன்னாடி போறேன்" என்று சொல்லிவிட்டுக் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிடுவார். இரண்டு மூன்று மைல் தாண்டி பஸ் அவரைப் பிடிக்கும். அவர் கை காட்டாமலே நிறுத்துவார்கள். சில நாள் பஸ் பாதி வழியில் நின்றுபோகும். அன்றைக்கு அவர் பஸ்ஸுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்.

அவரோடு நான் மூன்று வருஷம் ஒரே பெயரில் எழுதினேன்.

பெயர் கப்பல் சித்தப்பா. குழந்தைகளுக்கான நாற்பத்தெட்டுப் பக்கக் கதைப் புத்தகங்கள், மாதம் ஒன்று. முத்து என்ற பையனும் வள்ளி என்ற அவன் தங்கையும் கப்பல் சித்தப்பாவோடு தேசம் தேசமாகப் போவார்கள். அட்டையில் தாடியும் தொப்பியுமாக ஒரு மனிதர் தூரதிருஷ்டிக் கண்ணாடியில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உண்மையில் அப்படி ஒருவர் இல்லை. எங்கள் அச்சுக்கூட முதலாளிதான் அந்தப் பெயரைக் கண்டுபிடித்தார். எழுதியது மூன்று பேர். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வீட்டிலிருந்து எழுதிச் சனிக்கிழமை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். இரண்டாவது ஆள், பஸ்ஸுக்குக் காத்திருக்காத அவர். மூன்றாவது நான். ஆவூரிலிருந்து வந்து புரூப் திருத்துகிற வேலையில் சேர்ந்தேன். வாத்தியாருக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது அவர் பாதியில் விட்ட புத்தகத்தை முடித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து நானும் சித்தப்பா ஆனேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

"புள்ளைங்களுக்கு ஒரே ஆளுதான் வேணும். மூணு பேரு எழுதுறீங்கன்னு தெரிஞ்சா ஒரு புள்ளையும் தொடாது. உங்க பொண்டாட்டிக்குக்கூடத் தெரியக் கூடாது" என்பார் முதலாளி. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. இரண்டாவது ஆளான அவருக்கு ஆகியிருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. மூணாம் வீதியில் ஓர் அறையில் தனியாக இருந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டேன். அவர் என்னை ஆவூர்த் தம்பி என்பார்.

அச்சுக்கூடத்தில் எங்களுக்கென்று ஒதுக்கிய அறையில் இரண்டு மேஜை, இரண்டு நாற்காலி. அவருடைய நாற்காலியில் பழைய புரூப் கட்டுகள் உட்கார்ந்திருந்தன. அவர் ஜன்னல் திண்டின் மேல் காகிதத்தை வைத்து நின்றுகொண்டே எழுதுவார். நாலு வரி எழுதுவார், வெளியே போய் அச்சு மிஷினைச் சுற்றி நடந்துவிட்டு வருவார், மறுபடி நாலு வரி. அதனால்தானோ என்னவோ அவருடைய எழுத்து வலது பக்கமாகச் சாய்ந்து, ஓடுகிற மாதிரி இருக்கும்.

தான் காத்திருக்க முடியாதது மட்டும் இல்லை. பிறரைக் காக்கவைப்பதும் அவருக்கு ஆகாது. எங்கள் அச்சுக்கோப்பவர் ஒருவரின் மனைவியைத் தலைப்பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவசர வேலை இருந்ததால் கணவனுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. அவர் எழுதுவதைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அரை மணியில் திரும்பி வந்து, "இன்னும் ஒண்ணும் ஆகலப்பா" என்றார். மறுபடி போனார். மறுபடி வந்து அதையே சொன்னார். சாயங்காலத்துக்குள் இப்படி ஐந்து தடவை. எதுவும் நடக்காததைச் சொல்ல எதற்கு இந்த நடை என்று நான் கேட்டதற்கு, "ஒண்ணும் ஆகலேன்னு தெரிஞ்சா அவன் கை ஒழுங்கா வேலை செய்யும். தெரியாம இருந்தா என்னென்னமோ நெனப்பான்" என்றார். ஆறாவது தடவை வரும்போது வாசலிலிருந்தே பெண் குழந்தை என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

இந்தக் குணம் கதை எழுதுகிறவனுக்கு உதவாது. முத்துவும் வள்ளியும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஏதாவது ஆபத்தில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். அப்போதுதான் அடுத்த மாதப் புத்தகத்தை வாங்குவார்கள். வாத்தியார் இதில் மன்னன். பாம்பு படம் எடுத்தவுடன் முற்றுப்புள்ளி வைத்துவிடுவார். இவரால் அது முடியவே முடியாது. ஒருமுறை பிள்ளைகள் இருவரையும் ஒரு குகைக்குள் அனுப்பினார், வாசலைப் பாறை அடைத்தது, முதலாளிக்குச் சந்தோஷம். கடைசிப் பக்கம் கைக்கு வந்தபோது பார்த்தால் பாறை உருண்டு, பிள்ளைகள் வெளியே வந்து, கைகால் கழுவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கடைசி இரண்டு பக்கத்தை வெட்டச் சொன்னார். வெட்டினேன். அச்சான புத்தகத்தைப் பார்த்துவிட்டு அவர் என் மேஜைக்கு வந்தார்.

"ஒரு மாசம் அந்தப் புள்ளைங்க இருட்டுல கெடக்கணுமா தம்பி?"

கதைதானே அண்ணே என்றேன்.

"படிக்கிற புள்ள நெசமாத்தானே காத்துக்கிட்டிருக்கும்" என்றார். அன்று முழுக்க அவர் உள்ளே வரவில்லை. மிஷினைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

சித்தப்பாவுக்கு நிறையக் கடிதம் வரும். அதற்கெல்லாம் அச்சடித்த கார்டு ஒன்று வைத்திருந்தோம். 'அன்புள்ள குழந்தாய், உன் கடிதம் கிடைத்தது. நான் இப்போது நடுக்கடலில் இருக்கிறேன். கரைக்கு வந்ததும் எழுதுகிறேன்' என்று இருக்கும். கடலைக் கண்ணால் பார்க்காத புதுக்கோட்டைத் தபாலாபீஸில் நான்தான் அவற்றைக் கொண்டுபோய்ப் போடுவேன்.

ரங்கூனில் குண்டு விழுந்ததற்கு அடுத்த வருஷம் கறம்பக்குடியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பென்சிலில், கோடு போட்ட நோட்டுத் தாளில். எழுதியவள் கண்ணாத்தாள், ஐந்தாம் வகுப்பு. அதை நான் பலமுறை படித்ததால் இன்றும் வரி வரியாக நினைவிருக்கிறது.

'கப்பல் சித்தப்பாவுக்கு, நீங்கள் ரங்கூனுக்குப் போனதாகப் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் அப்பா அங்கே அரிசி ஆலையில் மேஸ்திரி. இடது கைச் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். நீங்கள் பார்த்தீர்களா? இங்கே யாரைக் கேட்டாலும் வருவார் என்கிறார்கள். எப்போது என்று யாரும் சொல்வதில்லை.'

நான் அச்சடித்த கார்டை எடுத்தேன். அவர் என் கையிலிருந்து கடிதத்தை வாங்கிக்கொண்டார். நின்றபடியே பதில் எழுதினார். 'உன் அப்பாவை நான் பார்க்கவில்லை. விசாரிக்கிறேன். சேதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வெள்ளிக்கிழமைதோறும் உனக்கு எழுதுவேன்.' கீழே கப்பல் சித்தப்பா என்று போட்டார். முதலாளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அந்த நாளில் பர்மாவிலிருந்து நடந்தே தப்பி வந்தவர்கள் எங்கள் பக்கத்து ஊர்களில் நிறையப் பேர் இருந்தார்கள். காடும் மலையும் தாண்டி, எங்கோ ரயில் பிடித்து, அடையாளம் தெரியாத உருவத்தோடு வந்து இறங்குவார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்களைத் தேடிப் போக ஆரம்பித்தார். அரிமளம், திருமயம், ஆலங்குடி என்று ஒரு ஊர் பாக்கியில்லை. ஒருநாள் நானும் கூடப் போனேன். பாதங்கள் வீங்கிப்போன ஒரு மனிதர் மாட்டுக்கொட்டகை ஓரமாகக் கட்டிலில் படுத்திருந்தார். இவர் சுண்டுவிரல் அடையாளம் சொன்னதும் அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "விரலை எல்லாம் யாரு பாத்தாக? எல்லாரும் முன்னாடி போறவன் முதுகப் பாத்துக்கிட்டு நடந்தோம்" என்றார். இவர் அதற்கும் கும்பிடு போட்டுவிட்டு எழுந்தார். அந்த வெள்ளிக்கிழமையும் சேதி இல்லை என்று கறம்பக்குடிக்குக் கார்டு போயிற்று.

ஆவணியில் அவர் ஜெகதாப்பட்டினம் பக்கம் போனார். ரங்கூனில் கடை வைத்திருந்தவர்கள் சிலர் கடற்கரை ஊர்களுக்குத் திரும்பியிருக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் திரும்ப முடியாது. புறப்படும்போது என்னிடம், "சேதி இல்லேன்னு மட்டும் எழுதிப் போடு தம்பி. வேற ஒரு வார்த்தை வேணாம்" என்று இரண்டு முறை சொன்னார்.

வியாழக்கிழமை அந்தப் பெண்ணிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அப்பா வராமல் எப்படி நடக்கும் என்று கேட்டிருந்தாள். சேதி இல்லை என்று இதற்குப் பதில் எழுத எனக்கு மனசு வரவில்லை. அப்படித்தான் அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், என் கை சும்மா இருக்கவில்லை என்பதுதான் சரி. நன்றாக எழுதுகிறேன் என்று அப்போதுதான் முதலாளி சொல்லத் தொடங்கியிருந்தார்.

நான் எழுதினேன்: 'உன் அப்பாவைப் பார்த்தேன். எங்கள் கப்பலுக்குப் பக்கத்துக் கப்பலில், மேல்தட்டில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து இடது கையை ஆட்டினார். சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. நலமாக இருக்கிறார். அக்கா கல்யாணத்துக்கு வந்துவிடுவார்.' தபாலில் போட்டுவிட்டு வந்து, நல்ல காரியம் செய்தவனைப் போலச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை அவர் வந்தார். காலில் செம்மண்ணும் உப்பும் அப்பியிருந்தன. மேஸ்திரியை அறிந்த ஓர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். கடற்கரை ஊரில் ஒரு தையற்காரர், அந்த மேஸ்திரியோடு ஒரே கூட்டமாக நடந்து வந்தவர். பங்குனிப் பௌர்ணமி கழித்து இரண்டாம் நாள், ஓர் ஆற்றங்கரையில் வாந்திபேதியில் மேஸ்திரி இறந்துபோனார். கையில் இருந்த வெள்ளி மோதிரத்தைக் கழற்றி, கறம்பக்குடிப் பக்கம் போகிற இன்னொருவரிடம் தையற்காரர் கொடுத்தனுப்பியிருக்கிறார். அது போய்ச் சேர்ந்ததா என்று அவருக்குத் தெரியாது.

இதைச் சொல்லி முடித்து, நாளைக்கே கறம்பக்குடி போகவேண்டும் என்றார். அப்போதுதான் நான் எழுதியதைச் சொன்னேன். முழுவதையும், மேல்தட்டு, கை ஆட்டியது எல்லாவற்றையும் சொன்னேன். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் போனார், கதவுப் பக்கம் வந்தார், மறுபடி ஜன்னலுக்குப் போனார்.

"எப்பப் போட்ட?"

"வியாழக்கிழமை."

"அப்ப படிச்சிருக்கும்" என்றார். வாசலைத் தாண்டும்போது, "காலையில நீயும் வா" என்றார்.

மறுநாள் விடியுமுன் நடக்க ஆரம்பித்தோம். ஆலங்குடி தாண்டி பஸ் எங்களைப் பிடித்தது. உச்சி வேளைக்குக் கறம்பக்குடி சேர்ந்தோம். வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. வாசலில் நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. கோழி வராமல் விரட்டிக்கொண்டு ஒரு சிறுமி கையில் குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். புதுக்கோட்டையிலிருந்து வருகிறோம் என்று சொன்னதும் உள்ளேயிருந்து அவள் அம்மா வந்தாள். நெற்றியில் பெரிய குங்குமம். வாங்க என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். யார் என்று அவள் கேட்பதற்கு முன்பே அவர், உங்கள் வீட்டுக்காரரைப் பற்றித் தனியாகப் பேசவேண்டும் என்றார். அவள் எங்களைக் கொல்லைப்புறம் அழைத்துக்கொண்டு போனாள்.

அவர் ஆற்றங்கரை என்று ஆரம்பித்தார். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியுங்க. வைகாசியிலேயே தெரியும். மோதிரம் வந்துருச்சு. உளுந்துப் பானைக்குள்ள போட்டு வச்சிருக்கேன்."

அவள் சத்தத்தைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். மூத்தவளுக்கு எப்படியோ ஓர் இடம் அமைந்திருக்கிறது. இந்தச் சேதி வெளியே வந்தால் வருஷம் கழிக்காமல் வீட்டில் நல்லது நடக்காது. அதுவரை மாப்பிள்ளை வீட்டார் பொறுக்க மாட்டார்கள். பொறுத்தாலும் மணையில் பெண் உட்காரும்போது பெற்றவள் அடுக்களைக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும்.

"பொட்டு வச்சுக்கிட்டு நிக்கிறேன். பாவமோ என்னமோ. குளிக்கப் போற எடத்துல அழுதுட்டு, வந்து பொட்டு வச்சுக்கிறேன். மூத்தவள அனுப்பிட்டு அழிச்சுக்கிறேங்க. அது வரைக்கும் யாருக்கும் சொல்லிறாதீங்க. சின்னவளுக்குந்தான். அவ வாயில ஒண்ணும் தங்காது."

அவர் முகத்தை அன்றுபோல் நான் பார்த்ததில்லை. தை பிறக்க இன்னும் நாலு மாதத்துக்கு மேல் இருந்தது. கால் மாற்றி மாற்றி நின்றார். கிணற்றடி வரை போய்த் திரும்பி வந்தார். பிறகு, "சரிங்க" என்றார்.

வாசலுக்கு வந்தபோது சிறுமி எங்கள் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கடிதங்களெல்லாம் அதற்குள் இருந்தன. புதுக்கோட்டை என்று காதில் விழுந்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அட்டையில் இருந்த தாடிக்காரரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்கதான் கப்பல் சித்தப்பாவா?"

"அந்தப் பேர்ல எழுதுறவுங்கள்ல நானும் ஒருத்தன் ஆத்தா."

"இவுக?"

"இவரும் ஒருத்தரு. இன்னொருத்தரும் இருக்காரு."

"கப்பல்ல போயிருக்கீங்களா?"

"இல்ல. கரையில நின்னு பாத்திருக்கேன்."

முதலாளி மூன்று வருஷமாகக் கட்டிக் காத்த ரகசியம் நிலக்கடலைக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷத்தில் போயிற்று. ஆனால் அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. கடைசிக் கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

"அப்ப எங்கப்பாவப் பாத்ததா இதுல எழுதியிருக்கே?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அது தப்பா எழுதினது. நாங்க யாரும் பாக்கல. தை பொறந்து, அக்கா கல்யாணம் முடியட்டும். எனக்குத் தெரிஞ்சத நானே வந்து ஒனக்குச் சொல்றேன்."

"இப்பச் சொன்னா என்ன?"

அவர் வாயைத் திறந்தார். அவள் அம்மா நிலைப்படியில் நின்றிருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். திரும்பி நடந்தோம். தெருக்கோடி வரை அவள் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள் என்று எனக்குத் தெரியும். நான்தான் திரும்பிப் பார்த்தேன்.

அன்று பஸ் எங்களைப் பிடிக்கவில்லை. ஆலங்குடி வரை நடந்தோம். அவர் நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. ஓரிடத்தில் நின்று, "நான் தேடியே போயிருக்கக் கூடாது. அந்தம்மா தனியா தாங்கிக்கிட்டு இருந்துச்சு. இப்ப நாமளும் போயி அது மேல ஏறி உக்காந்துட்டோம்" என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

வெள்ளிக்கிழமைக் கார்டுகள் நின்றன. சேதி இல்லை என்று இனி அவரால் எழுத முடியாது. கறம்பக்குடியிலிருந்தும் கடிதம் வரவில்லை. ஒவ்வொரு நாளும் தபால் கட்டை அவர்தான் பிரித்துப் பார்ப்பார். அவருக்குத் தூக்கம் இல்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அச்சுக்கோப்பவர்கள் பக்கம் போவார், என்ன கேட்க வந்தோம் என்பது மறந்து திரும்புவார். நாலு வரி எழுதிய இடத்தில் இப்போது ஒரு வரி.

ஐப்பசியில் அவர் எழுதிக் கொடுத்த புத்தகத்தில் முத்துவும் வள்ளியும் ஒரு தீவில் தனியாக விடப்பட்டார்கள். கப்பல் போய்விட்டது. கடைசி வரியில் வள்ளி கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீட்க ஒருவரும் வரவில்லை. புத்தகம் அப்படியே முடிந்தது. முதலாளி படித்துவிட்டு அறைக்கே வந்து, "இத்தன நாள் எங்கிட்டுய்யா ஒளிச்சு வச்சிருந்தீங்க இந்தத் தெறமைய?" என்றார். கார்த்திகைப் புத்தகத்திலும் அவள் அதே கரையில்தான் நின்றாள். இரண்டு புத்தகமும் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு விற்றுப்போயின.

தை பிறந்து கல்யாணம் முடிந்த நாலாம் நாள் கறம்பக்குடியிலிருந்து ஓர் ஆள் வந்து, அந்த அம்மாள் வரச்சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். மறுநாள் சாயங்காலம் திரும்பினார். அறைக்குள் வந்ததும் நாற்காலியிலிருந்த புரூப் கட்டுகளை எடுத்துத் தரையில் வைத்தார். ஆனால் உட்காரவில்லை.

அந்தப் பெண் அழவில்லையாம். என்றைக்கு என்று மட்டும் கேட்டாளாம். பங்குனிப் பௌர்ணமி கழித்து இரண்டாம் நாள் என்று சொன்னாராம். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு, "அன்னைக்குத்தான் எங்க தெருவுல தேரு வந்துச்சு. நான் மிட்டாய் வாங்கித் தின்னேனே" என்றாளாம். அதற்கப்புறம் அவள் அவரோடு பேசவில்லை. உள்ளே போய் அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

இதைச் சொல்லும்போது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஜன்னல் திண்டில் நின்று ஒரு பக்கம் எழுதினார். அதில் ஒரு கட்டுமரக்காரர் வந்து முத்துவையும் வள்ளியையும் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட்டார். ஒரே பக்கம்தான். முதலாளி மேஜைமேல் அதை வைத்துவிட்டு வெளியே போனவர், மறுநாள் வரவில்லை. மூணாம் வீதி அறையையும் காலி செய்துவிட்டிருந்தார். திருச்சி ஜங்ஷனில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். நாகப்பட்டினத்தில் என்று இன்னொருவர் சொன்னார். எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை.

அந்த ஒரு பக்கத்தை முதலாளி அச்சுக்குக் கொடுக்கவில்லை. பிள்ளைகளை இன்னும் இரண்டு மாதம் தீவிலேயே வைத்திருக்கச் சொன்னார். நான் வைத்திருந்தேன்.

தவக்காலத்தில் ஊருக்குப் போனபோது ஆவூர் மாதா கோயிலில் சாமியாரிடம் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளைகிட்டச் சொன்னியா?" என்றார். இல்லை என்றேன். முதலில் அதைச் செய் என்றார்.

சித்திரையில் கறம்பக்குடிக்குப் போனேன். அந்த அம்மாள் வெள்ளைச் சேலையில் இருந்தாள். வாங்க என்று அதே குரலில் சொல்லி, மகளைக் கூப்பிட்டுவிட்டு, எங்களைத் தனியே விட்டுப் போனாள். கண்ணாத்தாள் ஒரு முழம் வளர்ந்துவிட்டவளைப் போலத் தெரிந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழி நெடுக யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"அப்பாவக் கப்பல்ல பாத்ததா ஒரு கடுதாசி வந்துச்சே, அத எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியும். அவுக எழுத்து சாஞ்சு ஓடும். உங்களது நேரா நிக்கும்" என்றாள்.

மன்னித்துக்கொள் என்று கேட்டேன். ஒரு பத்து வயசுப் பெண்ணிடம் அந்த வார்த்தையை எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் காலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"அவுக கடுதாசிய எல்லாம் ஒரு தடவதான் படிச்சேன். உங்களதத்தான் தெனமும் படிச்சேன்."

அது மன்னிப்பா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை. அவள், அவர் இப்போது எங்கே என்று கேட்டாள். தெரியாது என்றேன். போய்விட்டார் என்பதைச் சொன்னேன். அவர் எழுதிய அந்தக் கடைசிப் பக்கத்தையும், அதில் வள்ளி வீடு போய்ச் சேர்ந்ததையும் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"அவுக பேரு என்ன?" என்றாள்.

எங்களைத் தேடி அத்தனை கடிதம் வந்திருக்கிறது. எந்தக் குழந்தையும் அதுவரை கேட்காத கேள்வி அது. நான் சொன்னேன். அவள் சரியாகக் காதில் விழுந்ததா என்று ஒரு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பென்சிலும் ஒரு கார்டும் கொண்டுவந்து கொடுத்து, அந்தப் பெயரை அதில் எழுதித் தரச் சொன்னாள்.